வெங்காயச் சாட்சி

அல்சூர் ஏரியோரம் நடந்துகொண்டிருந்தபோதுதான் பிரியாணி நினைவு வந்தது. ஜீவனஹள்ளி ஜெப வீட்டில் அன்று ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் சோறு போடும் அன்பின் விருந்து. அண்டாவைத் திறக்கும் முன்பே நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பசி எனக்குப் பழகியதுதான். ஆனால் வாசனை பிடித்த பிறகு வருகிற பசி வேறு மாதிரி.

அந்தச் சபைக்கு நான் வந்ததே இப்படி ஒரு விருந்து நாளில்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிடைத்த வேலையைச் செய்வேன், வேலை போனால் அடுத்த பஸ் ஏறுவேன். பெங்களூரில் ஒரு கட்டட வேலை முடிந்ததும் நாங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். ஜெப வீட்டில் சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஓர் அக்கா பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். "பின்னால இருக்கிற தம்பியைக் கர்த்தர் தொடுகிறார்" என்று என்னை முன்னால் அழைத்து, தலையில் கை வைத்து ஜெபித்தார். மறுத்துச் சொல்ல வாய் திறந்தேன். மூக்கும் ஒழுகியதால் பேச்சு வரவில்லை. அன்றைக்கே ஜெப வீட்டின் ஒரு மூலையில் எனக்குப் பாயும் தலையணையும் கிடைத்தன.

என்னை நன்றாகவே வைத்திருந்தார்கள். நாற்காலி போட்டேன், கூட்டிப் பெருக்கினேன். காய்ச்சல் வந்தபோது முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். அந்தக் கஞ்சிக்குப் பிறகுதான் தனியாக உட்கார்ந்து நிஜமாகவே ஜெபிக்க ஆரம்பித்தேன். கண்ணீர் மட்டும் வரவில்லை.

பாஸ்டர் வாயில் என் கண்ணீர் வளர்ந்துகொண்டே போனது. அவர் பிரசங்கத்தில் முதலில் கண் கலங்கினேன், பிறகு தேம்பி அழுதேன். அப்புறம் இடுப்பிலிருந்த சாராய பாட்டிலைச் சாக்கடையில் வீசினேன். என்னிடம் இருந்தது தண்ணீர் பாட்டில், அதுவும் பத்திரமாக ஜன்னல் மேல் இருந்தது. அவர் பொய் சொல்கிறவர் அல்ல. சந்தோஷம் வந்தால் கையில் பிடிக்க முடியாத மனிதர்.

நான் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை வைட்ஃபீல்டிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். "தம்பி வாயாலயே சாட்சி சொல்லட்டும்" என்று பாஸ்டர் என்னிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் பாய் போய்விடும். சொல்லாவிட்டால் அதன்பிறகு எந்த முகத்தோடு முழங்கால் போடுவது?

"அன்னிக்கு நான் அழுதது..." என்று ஆரம்பித்தேன்.

"அல்லேலூயா" என்றார் முன்வரிசைப் பெரியவர். காது மந்தம். பேச்சில் இடைவெளி விழுந்தால் அல்லேலூயா போட்டுவிடுவார்.

"வெங்காயத்தாலங்க."

"அல்லேலூயா."

"குடிப்பழக்கமும் இல்லைங்க. ஒரே ஒரு தடவை குடிச்சேன், வாந்திதான் வந்துச்சு."

"ஸ்தோத்திரம்."

"சோத்துக்குத்தான் வந்தேன். போட்டீங்க. காய்ச்சல்ல கஞ்சி குடுத்தீங்க. அதுலதான் ஆண்டவரை நம்புனேன்."

பெரியவரும் அடங்கிவிட்டார். மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் பையை எடுத்தேன்.

ஏரியைத் தாண்டும்போது பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெங்காயம் நறுக்கிய அக்கா. தொம்மலூரில் சின்ன மெஸ் நடத்துகிறவர்.

"எங்க போய்கினு இருக்க, மவராசா?"

"தெரியலக்கா."

"தெரியாமலே இவ்ளோ வேகமா நடக்குற." வண்டியை ஓரம் கட்டினார். "வெங்காயம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எனக்கும்தான் கொட்டிச்சு, என்னை யாரும் முன்னால கூப்புடல."

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா உனக்கு யாரு பாய் குடுத்திருப்பாங்க?"

"பாஸ்டர் கோவமா இருக்காரா?"

"பேஜாராகி உக்காந்துட்டாரு. வந்தவங்க முன்னால மானம் போச்சில்ல. அப்புறம், அவன் துன்னானான்னு கேட்டாரு. இல்லன்னேன். தன் தட்டுல இருந்ததை அப்படியே டப்பாவுல போட்டு, போய்ப் புடின்னாரு. லெக் பீஸையாவது எடுத்துக்குவாருன்னு பார்த்தேன். எடுக்கல."

டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தேன். லெக் பீஸ் இருந்தது.

"ஜெபம் பண்ணிட்டுத் துன்னு" என்றார் அக்கா. நடைபாதையில் உட்கார்ந்து, சுருக்கமாக ஜெபித்தேன்.

"உனக்குப் பாய் மட்டும் போதாது, வேலை வேணும். சும்மா இருக்கிறவனைப் பத்திதான் கதை வளரும். மெஸ் மாடியில படுத்துக்க. காலைல கத்தி புடி."

மறுநாள் காலை மெஸ் அடுக்களையில் அக்கா என் முன்னால் பலகையை வைத்து, பக்கத்தில் ஒரு வெங்காய மூட்டையைச் சாய்த்தார். ஆபீஸ் போகிறவர்கள் வர ஆரம்பிக்கும் நேரத்தில் வாசலில் பாஸ்டர் நின்றார். கையில் என் தண்ணீர் பாட்டில்.

"மறந்துட்டுப் போயிட்டே" என்றார். "நான் வேற, நீ இதை வீசிட்டேன்னு சொல்லியிருந்தேன்."

வாங்கிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் வெங்காயமா?" என்றார்.

"வெங்காயம்தாங்க ஐயா."

அவர் இட்லி சொல்லிவிட்டு என் எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் கண்ணும் கலங்கியது. எதனால் என்று நான் கேட்கவில்லை. மூட்டையில் இன்னும் பாதி இருந்தது.