கொட்டாவிக்கு ஒரு சொடக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். கொட்டாவியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிரிப்பார்கள். அதைவிட, என் மகளைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்ற பயம். முருகன் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு பட்டாபிராமில். எனக்கு அம்பத்தூரில் லேத் வேலை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள், பேச்சும் வரவில்லை. ஆட்டிசம் என்றார் டாக்டர். பெற்றவர்கள் பக்கத்தில் இருப்பதாவது அவளுக்குத் தெரிகிறதா? அந்த ஒரு கேள்விதான் எங்களை அரித்தது.

ஒரு நாள் என் மனைவி செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "ஒருத்தர் கொட்டாவி உட்டா பக்கத்துல கீறவங்களுக்கும் வருமாம். நம்மளக் கவனிச்சா இவளுக்கும் வரணும் இல்ல?" என்றாள்.

அன்று முதல் மகள் எதிரில் உட்கார்ந்து வாயைப் பிளந்தோம். பொய்யாக ஆரம்பித்தாலும் நிஜமாகவே வந்துவிடும். தாடை இழுக்கும், காது அடைத்துத் திறக்கும், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அவளோ பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்திருந்த மைத்துனன், "இன்னா மாமா, ஊடே தூங்கி வழியுது? என்னியும் சேத்து இஸ்துகினீங்களே!" என்று அவனும் ஒன்று விட்டான். எல்லோருக்கும் வந்தது, அவளைத் தவிர. மனைவி சிரித்தபடியே எழுந்துபோய் சமையலறையில் அழுதாள்.

மகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சரம்மாவிடம் சொன்னேன். "கொட்டாவி ஏன் வருதுன்னு டாக்டருங்களுக்கே முழுசா தெரியலங்க. மூளைச் சூட்டைத் தணிக்கன்னு சிலர் சொல்றாங்க, அசந்த உடம்பை உசுப்பிவிடன்னு சிலர். சின்னப் பசங்க நெறைய பேருக்கு அடுத்தவங்களப் பாத்து வராது. அதை வெச்சுப் பாசத்தை அளக்காதீங்க சார்" என்றார். அந்தச் சோதனையை அன்றோடு நிறுத்தினோம்.

குழந்தை கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சொடக்குப் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். பிறந்ததிலிருந்து என் மனைவி அவளுக்கு "முருகா" என்று சொல்லிச் சொடக்குப் போடுவாள். மகள் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

ஒரு கிருத்திகையன்று காலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பக்கத்தில் மகள், மூடிகளோடு. அடக்க முடியாமல் பெரிய கொட்டாவி வந்தது. சாமி எதிரிலா இப்படி என்று கூசிப்போய்க் கண்ணைத் திறந்தால், என் வாய்க்கு நேரே ஒரு சின்னக் கை. கட்டைவிரலும் நடுவிரலும் உரசுகின்றன. சத்தம் வரவில்லை. மறுபடி உரசினாள். பார்வை மட்டும் மூடிகள் மேலேயே.

விளக்குக்கு எண்ணெய் எடுத்து வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். "இத்தினி நாளும் பாத்துகினுதான் இருந்துகீறா" என்றாள்.

எங்களைப் போன்ற பெற்றோர் யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். குழந்தை குணமாகிவிட்டது, அப்பா என்று கூப்பிட்டது என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். அவள் இன்னும் பேசவில்லை. சொடக்கில் சத்தம் வந்ததாகக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.