ரம்பத்தில் சிக்கிய ஆணி

மாமா அடித்து அத்தையின் முன்பல் உடைந்தபோது, "குடும்பம்னா முன்ன பின்னதான் இருக்கும்" என்றார் அப்பா. ரம்பத்தின் பல் உடைந்தபோது ஊரை இரண்டாக்கினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆம்பூரில் அப்பாவுக்கு ஒரு மரவாடி இருந்தது. தோல் மண்டிகளுக்குப் பலகை அறுத்துக் கொடுப்பார். ஆயில் எஞ்சினிலிருந்து வார் போட்டுச் சுழலும் அந்த வட்ட ரம்பத்தை வேறு யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுப் பிசின் துடைத்து, ஒவ்வொரு பல்லாக அரத்தால் ராவுவார். பிறகு ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று லேசாகச் சாய்த்துவிடுவார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளை நான்தான் சொல்கிறேன்.

அவருடைய தங்கைதான் அத்தை. பள்ளிகொண்டாவில் வாழ்க்கைப்பட்டவள். முதல் தடவை புருஷன் வீட்டை விட்டு ஓடி வந்தபோது, பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியை வைத்து, அவள் உச்சிமுடியைப் பள்ளிகொண்டாவிலேயே ஒரு புளியமரத்தில் ஆணியடித்து, அவளைப் புருஷன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சுத்தியலைப் பிடித்தவர் அப்பா. அடித்தவன் மாப்பிள்ளையாம், அடி தாங்காமல் ஓடி வந்தவள் பேயாம். ரம்பத்தின் பல் உடைந்த சமயம் அவள் மறுபடியும் ஓடி வந்திருந்தாள். அழைத்துப்போக மாமா வண்டியோடு வருவதாக இருந்தது.

அவர் வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து வந்த புளியங்கட்டை ஒன்று ரம்பத்தில் ஏறியது. பாதி அறுக்கும்போதே காதைக் கிழிக்கும் சத்தம். அப்பா வாரைத் தள்ளி நிறுத்துவதற்குள் பற்கள் தெறித்துவிட்டன.

"பாய், கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது? ஆணி கீணி இருக்குதான்னு பாத்து ஏத்தக் கூடாதா?" என்று கட்டையை ஏற்றிய வேலைக்காரரிடம் சீறினார்.

பாய் உளியால் குடைந்து ஆணியைப் பிடுங்கினார். அதில் முடி சுற்றியிருந்தது. "பேய் ஓட்டுன மரம் முதலாளி. இனிமே நான் கை வெக்க மாட்டேன்" என்று அதைக் கீழே போட்டுவிட்டார்.

சாப்பாட்டுக் கூடையோடு வந்த அத்தை குனிந்து அதை எடுத்தாள். எல்லார் முன்னாலும் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"என்னை அடிச்ச ஆணிதான் இது. வெளிய வந்துட்டேன். நாளைக்கு அவன் வரட்டும்."

ஆட்கள் பின்வாங்கினார்கள். நான் ஓடிப்போய்ச் சுத்தியலை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். "திருப்பி அடிச்சுடுப்பா" என்று அழுதேன். அப்பா ஆணியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். சுத்தியலை வாங்கி ஓரமாகப் போட்டார்.

பொழுது சாய்வதற்குள் செய்தி பள்ளிகொண்டாவுக்கு எட்டிவிட்டது. மறுநாள் வண்டி வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அப்பா வேறு ரம்பத்தை மாட்டிவிட்டு, உடைந்ததை மடியில் வைத்துக்கொண்டு, மிச்சப் பற்களை ஒரே உயரத்துக்கு ராவிக்கொண்டிருந்தார். அத்தை தலை வாரியபடி தனக்குள் சிரித்தாள். சிரிப்பது பேய் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தேன்.

அத்தையின் முடியை ஆணியடித்த மரம் பள்ளிகொண்டாவில் இருந்தது, இந்தக் கட்டை வந்ததோ அணைக்கட்டிலிருந்து என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆணியடித்த அப்பாவுக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டார். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன உபகாரம்? "என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்" என்று மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவள் பேயாகியிருக்க வேண்டியதில்லை.