பதினொன்று பத்துக்கு வந்த தந்தி

1973 மார்ச் மாதம், மெல்பர்ன். நான் சென்னையிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதன் புறநகரான கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன். அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஓர் அயர்லாந்துக்கார அம்மாவின் வீடு. அதில் பின்னறை எனக்கு. இதுவரை இந்தச் சம்பவத்தை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருமே, "நீ நல்லதுக்குத்தானே செஞ்சே" என்றார்கள். அப்படிச் சொன்னபோதெல்லாம் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இருபது வயதில் அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து தனியாகக் கப்பல் ஏறி வந்தவர். பிறகு ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. அங்கே அவருக்குக் கூடப்பிறந்தவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தங்கை. நாற்பது வருடமாக இருவருக்கும் இடையே கடிதம் மட்டும்தான்.

நான் சைவம் என்று சொன்னதும் முதல் வாரம் முழுக்க எனக்கு ஏதோ வயிற்று நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் உருளைக்கிழங்கை மசித்து, முட்டைக்கோஸ் கலந்து, வெண்ணெய் போட்டு அவர் ஊர்ச் சமையலைக் கொடுத்தார். ஒருநாள் நான் அதற்குக் கடுகு தாளித்துக் காட்டினேன். கடுகு வெடித்ததும் இரண்டடி பின்னால் தள்ளி நின்று கைதட்டினார். அதிலிருந்து வாரம் ஒருமுறை, "இன்றைக்கு வாணவேடிக்கை உண்டா?" என்று கேட்பார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் உட்கார்ந்து கறுப்பு வெள்ளை டி.வி.யில் பழைய அமெரிக்கப் படம் பார்ப்போம். அந்தப் படங்களில் அயர்லாந்துக்காரன் என்று ஒருவன் வந்தால் அவன் போலீஸ்காரனாகவோ பாதிரியாராகவோ குடிகாரனாகவோதான் இருப்பான். நடுவில் காரணமே இல்லாமல் ஒரு பாட்டும் பாடுவான். அந்த அம்மா டி.வி.யோடு சண்டைக்குப் போவார். "எங்கள் ஊரில் ஒருவர்கூட இப்படிப் பேசி நான் கேட்டதில்லை!" நான் அவருக்கு இந்திப் படங்களில் வரும் மதராசியைப் பற்றிச் சொன்னேன். நெற்றி நிறையப் பட்டை, குடுமி, வாயைத் திறந்தால் "ஐயையோ". அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "உங்களுக்கும் இதே கதிதானா!"

மார்ச் பதினேழு, அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் திருநாள். அந்த வருடம் அது சனிக்கிழமையாக அமைந்தது. மாதா கோயில் மண்டபத்தில் மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை கலைநிகழ்ச்சி. அந்த அம்மா ஒவ்வொரு வருடமும் அங்கே பாடுவார். ஒரு மாதமாகவே சமையலறையில் ஒத்திகை நடந்தது. ஆனால் பண்டிகையைப் பற்றிப் பேசினால் கிண்டல்தான் செய்வார். "என் ஊரில் அன்றைக்குக் கோயிலுக்குப் போவோம், வீட்டுக்கு வருவோம். சாராயக் கடைகூடத் திறக்காது. இந்தப் பச்சைத் தொப்பி, பச்சை பீர் எல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது. சினிமாவில் பார்த்துவிட்டு நாங்களும் பிடித்துக்கொண்டோம்" என்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் கிண்டல் கிடையாது. ஒவ்வொரு மார்ச்சிலும் தங்கையிடமிருந்து ஒரு கடிதம் வரும். உள்ளே, அந்தத் திருநாளில் சட்டையில் குத்திக்கொள்ளும் அவர்கள் ஊர் மூன்றிலைச் செடியின் கிள்ளல் ஒன்றைக் காயவைத்து அனுப்பியிருப்பாள். சில வருடம் சுங்கக்காரர்கள் இலையை எடுத்துவிட்டு, 'தாவரப் பொருள் அகற்றப்பட்டது' என்று அச்சடித்த சீட்டைச் செருகி அனுப்புவார்கள். அந்தச் சீட்டுகளையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த வருடம் கடிதம் வரவில்லை. "தபால் தாமதம்" என்று முதல் வாரம் சொன்னார். இரண்டாவது வாரம் தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தடவை திறந்து பார்த்தார்.

பண்டிகையன்று மண்டபத்தை அலங்கரிக்கப் பத்து மணிக்கே கிளம்பிப் போனார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நடையில் இருந்த ஃபோன் அடித்தது. தபால் நிலையத்திலிருந்து ஒரு பெண். அந்தக் காலத்தில் தந்தி வந்தால் முதலில் ஃபோனில் படித்துச் சொல்லிவிடுவார்கள், காகிதம் பிறகு வரும். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி, "அயர்லாந்திலிருந்து தந்தி. எழுதிக்கொள்கிறீர்களா?" என்றாள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். தங்கை மகள் அனுப்பியிருந்தாள். அம்மா கவலைக்கிடம், உங்கள் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாள், மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள். கீழே ஒரு எண். "நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பதினொன்று பத்து" என்றாள். குறித்துக்கொண்டேன்.

எழுதியதை இரண்டு முறை படித்தேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் என் மூளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நிகழ்ச்சி முடியட்டும், பிறகு சொல்லலாம். இது எனக்கு விபரீதமாகவே தோன்றவில்லை. நம் வீடுகளில் அப்படித்தானே? சாவுச் செய்தி வந்தால், "சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பார்கள். என் பெரியப்பா இறந்தபோது எனக்கு பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான்கு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். நல்ல காரியம் செய்தார்கள் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு என் நண்பர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் துறையிலேயே படித்துக்கொண்டிருந்தவர். நிகழ்ச்சிக்கு என்னோடு வருவதாகச் சொல்லியிருந்தார். காகிதத்தைக் காட்டினேன். படித்ததும், "வாரும், இப்பவே போவம். ஹோலுக்குப் போய்ச் சொல்லுவம்" என்று கதவைத் திறந்தார்.

"இப்ப அங்க ராத்திரி ரெண்டு மணி. ஃபோன் பண்ணி என்ன ஆகப்போகுது? அவங்க ஒரு மாசமா பாட்டு பாடிப் பாடிப் பாத்துட்டிருக்காங்க. பாடி முடிக்கட்டும்."

"ஐசே, இது உம்மட தந்தி இல்லை. அவவின்ர தங்கச்சி. பாடுறதோ விடுறதோ அவ யோசிக்கட்டும்."

"அஞ்சு மணிக்குச் சொல்றேன். அங்க விடிஞ்சுடும். எல்லாம் சரியா வரும்."

அவர் திறந்த கதவைத் திரும்பச் சாத்தினார். "எனக்கெண்டா இது சரியாப் படேல்ல" என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மண்டபம் நிறைய ஜனம். பச்சைக் காகிதத் தோரணம், பச்சை ஜெல்லி, பச்சை பீர். நிகழ்ச்சியை நடத்தியவர் பஞ்சில் தாடி ஒட்டி அதற்கும் பச்சை மை பூசியிருந்தார். வியர்வையில் மை வழிந்து அவர் கழுத்தெல்லாம் பச்சை. நண்பர் பீரை எட்டிப் பார்த்துவிட்டு, "பாசி பிடிச்ச கிணத்துத் தண்ணியெல்லோ இது" என்றார். அயர்லாந்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள், அங்கே திரும்பிப் போவதைப் பற்றிய பாட்டைக் கேட்டு அழுதார்கள். நான் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாங்கள் பத்துப் பேர் கூடிப் பொங்கல் கொண்டாடியபோது ஒரு சினிமாப் பாட்டுக்கு அழுதவன்தானே நானும்.

அந்த அம்மா பாடினார். அயர்லாந்தின் பழைய மொழியில், இசைக்கருவி எதுவும் இல்லாமல். பாடி முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேடையிலிருந்து என்னைத் தேடிப் பிடித்து அவர் கையசைத்தார். நானும் கையசைத்தேன். பைக்குள் அந்தக் காகிதம் இருந்தது.

ஐந்து மணிக்கு அவரிடம் போனேன். சுற்றிலும் ஆட்கள். ஒரு குடும்பம் தங்கள் வீட்டில் தேநீருக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். "வீட்டுக்கு வந்து கேட்கிறேன், சரியா?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். அப்போதும் தடுத்திருக்கலாம். அவசரம் என்ற ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. நண்பர் என்னிடம் விடைபெறாமலேயே போய்விட்டார்.

எட்டு மணிக்கு அந்த அம்மா திரும்பி வந்தார். காலணியைக் கழற்றிவிட்டு, சமையலறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டிக்கொண்டார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "என் கணவர் போன பிறகு இப்படி ஒரு நாள் வந்ததில்லை. நீ ஏதோ சொல்ல வேண்டும் என்றாயே?" என்றார்.

"நீங்கள் நன்றாகப் பாடினீர்கள் என்று சொல்லத்தான்" என்றேன்.

மறுநாள் காலையில் ஏழு மணிக்கு அவர் கெட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது காகிதத்தைக் கொடுத்தேன். விளக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். நான் குண்டு குண்டாக, அழகாகத்தான் எழுதியிருந்தேன். கீழே நேரமும் தேதியும். அவர் விரல் அங்கே போய் நின்றது.

"நேற்றுக் காலை பதினொன்று பத்தா?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. நடைக்குப் போய் ட்ரங்க் கால் பதிவுசெய்தார். லைன் கிடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் ஃபோனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்காரவில்லை.

ஒன்பதே காலுக்கு மணி அடித்தது. அவர் பேசியது கொஞ்சம்தான். "ஆமாம். நான் அவள் அக்கா. எப்போது? நன்றி, சிஸ்டர்." வைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தந்தியைப் படித்த அந்தத் தபால் நிலையப் பெண்ணைப் போன்ற குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

தங்கை இறந்தது நேற்று அவர்கள் நேரம் சாயங்காலம் நான்கு மணிக்கு. காலையிலிருந்து நல்ல நினைவோடு இருந்தாளாம். ஃபோன் நர்ஸ்களின் மேசையில்தான் இருந்ததாம், அதன் வயர் கட்டில்வரை எட்டாதாம். அதனால் தன் கட்டிலை வராந்தாவில் அந்த மேசைக்குப் பக்கத்தில் தள்ளிப் போடச் சொன்னாளாம். அவர்களும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை மணி அடித்தபோதும் கையை நீட்டினாளாம்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. அங்கே காலை பத்து என்றால் இங்கே இரவு எட்டு. அவர் காலை நீட்டி உட்கார்ந்து, என்ன சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்ட நேரம். அதன் பிறகும் ஆறு மணி நேரம் அவள் காத்திருந்திருக்கிறாள்.

"என்னை மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

"நான் கிளம்பியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வளர்ந்த பிறகு அவள் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்றார் அவர். எனக்குச் சொன்ன பதிலாக அது தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீ என்னை அழ வைக்கக் கூடாது என்று நினைத்தாய். எனக்குப் புரிகிறது. ஆனால் அது என்னுடைய நாள். உன்னுடையது இல்லை" என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகைச் சத்தம் வெளியே கேட்கவில்லை. கெட்டில் காய்ந்து கருகும் வாசனைதான் வந்தது. போய் அணைத்தேன்.

என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதே உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மேசைக்கு வந்தன. ஆனால் வாணவேடிக்கை கேட்கவில்லை. சனிக்கிழமைப் படத்தை இருவரும் பார்த்தோம், அவர் டி.வி.யோடு சண்டை போடவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். இனிமேல் தந்தி ஏதாவது வந்தால் இவர் வீட்டு எண்ணில் படிக்கும்படி அந்த அம்மா தபால் நிலையத்தில் சொல்லிவைத்திருக்கிறாராம். அந்தப் பேச்சு எனக்குச் செருப்படியைவிட மோசமாக விழுந்தது. அவருக்கு இனி அப்படி ஒரு தந்தி வரப்போவதில்லை என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

ஜூன் மாதம் நான் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனேன். நண்பர்தான் பெட்டி தூக்க வந்தார். வாசலில் அந்த அம்மா எனக்குக் கை கொடுத்தார். முன்பெல்லாம் கன்னத்தைத் தட்டுவார். அடுத்த மார்ச்சில் மண்டபத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். அவர் வரவில்லை. பாடுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு கடிதம் எழுதினேன். 'கடிதத்துக்கு நன்றி, நன்றாகப் படி' என்று ஒரு அட்டை வந்தது. நேரில் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இன்னும் சில வருடம் கழித்து அவர் இறந்துவிட்ட செய்தியை அதே நண்பர்தான் சொன்னார், கேள்விப்பட்ட அன்றே, வேலை நேரத்தில், ஆய்வுக்கூடத்துக்கே தேடி வந்து.

இப்போது யாருக்கான கெட்ட செய்தி என் கையில் வந்தாலும் அந்த நிமிடமே போய்ச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். அன்று நான் காப்பாற்றப் பார்த்தது அவருடைய சந்தோஷத்தை என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், அவர் முகம் மாறுவதைப் பார்க்கும் கஷ்டத்திலிருந்து நான் தப்பித்துக்கொண்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின, ஒப்புக்கொண்ட பிறகும் பாரம் ஒரு துளிகூடக் குறையவில்லை.