சந்தனம் பட்ட சக்கரம்

செல்வி, ராசு, இந்த வருஷமும் உங்களையும் அம்மாவையும் ரங்கூனிலிருந்து அழைத்துக்கொள்ள அப்பாவால் முடியாது. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். இங்கே திருவொற்றியூரில் எங்கள் பட்டறை ஆட்கள் காலையில் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைப் போடுகிறார்கள். வந்து நாலு வருஷம் ஆகியும் எனக்கு அது கூச்சமாகவே இருக்கிறது. ரங்கூன் பட்டறையில் பர்மாக்காரர், சிட்டகாங்காரர், நம்மவர் என்று ஆளுக்கொரு சாமி, மேஸ்திரியோ சீனர். துடைக்கிற துணியைத் தவிர மிஷின்மேல் எதுவும் படக் கூடாது என்பார். அங்கே என்னைக் 'கலா' என்றார்கள், வெளியாள் என்று. இங்கே என் பெயர் பர்மாக்காரர்.

ஆடி மாதம் கப்பலில் இரும்பு கடைகிற ஒரு புது லேத் வந்தது. அதன் சுழல் தண்டை ஒட்டி ஒரு சின்ன ரப்பர் சக்கரம் சுற்றும். தண்டின் வேகத்தை அது ஒரு பெட்டிக்குச் சொல்லும். வேகம் குறைந்தால் பெட்டி மோட்டாருக்குக் கரண்ட்டைக் கூட்டும், மிஞ்சினால் குறைக்கும். எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்பதற்கு ஒரு திருகு. அதைக் குறைத்து வைத்தால், உளி இரும்பைக் கடித்ததும் தண்டு சோர்ந்துவிடும். பெட்டி சாவகாசமாக விழித்துக்கொள்ளும். கூட்டி வைத்தால் பதறிப் போய் வேகம் மிஞ்சும், மறுபடி பதறிக் குறையும், வேகம் காட்டும் ஊசி நிற்காமல் ஆடும். ரங்கூனில் மோட்டார் வேலை பார்த்தவன் என்று அதை என்னிடம் விட்டார்கள். சரியாக ஓடினால் வேலை நிரந்தரம், குடும்பத்தோடு இருக்க வீடு என்றார் போர்மேன். பதினோரு நாள் மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். கடைசியில் உளி கடித்தபோது ஊசி ஒரு முறை தாழ்ந்தது, எழுந்தது, நின்றது. அந்த லேத்தில் வேலை செய்யும் ராயபுரத்து முனுசாமி எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, கொயந்தய தூங்க வச்சிட்ட போல கீது" என்றார்.

ஆயுத பூஜையன்று வழக்கம்போல் ஓரமாக நின்றேன். முனுசாமி சந்தனக் கிண்ணத்தை என் கையில் திணித்தார். "நாலு வருசமா விருந்தாளி மாரி நின்னுகினு கீறே. நீ தூங்க வச்ச கொயந்த, நீயே பொட்டு வை." உளிக்கு வைத்தேன், மோட்டாருக்கு வைத்தேன். ஆசை அடங்காமல் அந்த ரப்பர் சக்கரத்துக்கும் பட்டையாகப் பூசினேன். மிஷினைத் துடைக்காமல் நான் வீடு திரும்பியது அன்று ஒரு நாள்தான்.

விடுமுறை கழிந்து முனுசாமி தொட்டு ஒற்றிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். காய்ந்த சந்தனத்தில் சக்கரம் வழுக்கியது. தண்டு வேகமாகச் சுற்ற, சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றி, வேகம் போதவில்லை என்று பெட்டிக்குச் சொன்னது. பெட்டி அதை நம்பிக் கூட்டிக்கொண்டே போனது. கடைய மாட்டியிருந்த இரும்பு பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து முனுசாமியின் மணிக்கட்டை உடைத்தது.

பெட்டி ஆகாது, கழற்றித் திருப்பி அனுப்புங்கள் என்றார் போர்மேன். "பெட்டி மேல தப்பில்ல சார், நான் வச்ச சந்தனந்தான்" என்றேன்.

"உன் திருகு வேலை கெட்டதுக்கு சரஸ்வதி மேல பழியா?"

கையில் கட்டோடு நின்ற முனுசாமி என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "பூசைய குத்தம் சொல்றான் பாரு. நம்மாளுன்னுதானே கிண்ணத்த குட்த்தேன்."

பூஜையைச் சொல்லவில்லை, ரப்பர் வழுக்கியதைச் சொன்னேன் என்றேன். கேட்க யாரும் நிற்கவில்லை. பெட்டியோடு என் வேலையும் போகிறது. ரங்கூனுக்குத் திரும்பி வர அனுமதிக் காகிதமும் என்னிடம் இல்லை. உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்து யோசித்து நடந்ததையே எழுதிவிட்டேன்.

இன்று மதியச் சங்கு ஊதி எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஈரத் துணியால் அந்தச் சக்கரத்தைத் துடைத்தேன். வெறும் தண்டை ஓடவிட்டேன். ஊசி குறித்த கோட்டில் அசையாமல் நின்றது. சற்று நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். துணியில் சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. தரையில் உதற மனம் வரவில்லை. நெற்றியில் இட்டுக்கொள்ளக் கை எழவில்லை. துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கழற்றத் தொடங்கினேன்.