வண்டியின் வயிற்றில் இரண்டு பேட்டரி

தேவிகாபுரத்தில் தறிக்குப் பாவு நூல் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. வயல் வழியில் கிடந்த ஒரு நைலான் கயிறு பிக்கப்பின் அடியில் சிக்கி டப் டப்பென்று அடித்துக்கொண்டே வந்தது. ஓரமாக நிறுத்தி, சாக்கை விரித்து, மல்லாந்து உள்ளே நுழைந்தேன். கயிற்றை அறுத்துப் போட்ட பிறகும் வெளியே வரவில்லை. சேஸிஸ் இரும்புக்குப் பக்கத்தில், சரக்கு ஏற்றும் தொட்டியின் தரைக்குக் கீழே, சைலன்ஸர் இல்லாத பக்கமாக ஒரு நீளமான இடம் காலியாகக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. இரண்டு பேட்டரி இங்கே உட்காருமே! படுத்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் குனிந்து பார்த்து, "அடிகிடி பட்டுடுச்சாம்மா?" என்று பதறினார்.

"இல்லங்க, எடம் பாத்துகினு இருக்கேன்."

அவர் நம்பவில்லை. போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் பட்டு வியாபாரம். சுற்றுப்பட்டு கிராமங்களில் தறி வைத்திருப்பவர்களுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த புடவைகளை வாங்கி வருவோம். அப்பா பழைய பிக்கப் ஒன்றை வாங்கியது அதற்காகத்தான். ஆனால் அது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதை ஆரணி பஜாரில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை. இன்ஜினியரிங் முடித்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் நான். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணுக்கு ஜவ்வாது மலையின் மண் பாதை வேண்டியிருந்தது.

கல்லூரித் தோழியோடு ஒருமுறை மலையில் தங்கினேன். வண்டியின் ஒரே பேட்டரியில் சின்ன ஃப்ரிட்ஜ், விளக்கு, லேப்டாப் எல்லாவற்றையும் ஓட்டினேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. வேறு சத்தமே இல்லை. அப்பா வாடகைக் காரில், ஜம்பர் கேபிளோடு மலையேறி வந்தார். கேபிளை மாட்டி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"வண்டி சரக்குக்கு. சரக்கு எடுத்துகினு போ, வா. மலைக்குன்னு சாவியில கை வெச்சே, வண்டிய வித்துடுவேன்."

வண்டியை விற்பார். எங்கள் அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அதனால்தான் அந்தக் காலி இடத்தைப் பார்த்து அப்படிச் சிரித்தேன். மலைக்கு மறுபடி போக எனக்கு அது ஒன்றுதான் வழி.

அன்றைக்கே கடையில் பேச்சை எடுத்தேன். புடவை கொடுக்க வந்த இரண்டு நெசவாளர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, தங்கறதுக்குத் தனியா ரெண்டு பேட்டரி. அதுக்கப்புறம் உங்கள மலைக்குக் கூப்புட வேண்டிய வேலையே இல்லப்பா."

"பட்டு போற வண்டியில பேட்டரியா?" அப்பா புடவையை மடிப்பதை நிறுத்தினார். எங்கள் கடையின் இன்வெர்ட்டர் பேட்டரிகூட உள்ளே கிடையாது. பின்பக்கம் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது, சுவரில் ஓட்டை போட்டு ஒயர் வருகிறது. ஆசிட் ஒரு சொட்டு பட்டால் ஜரிகை கறுத்துவிடும் என்பது அவர் பயம்.

"இதுல ஆசிட்டே கெடையாது. லித்தியம்."

"ஆசிட் இல்லாத பேட்டரி! நாளைக்கு நூலு இல்லாத பொடவ விக்கலாம்னு வருவா, பாருங்க." நெசவாளர்கள் டீயோடு சேர்த்துச் சிரித்தார்கள்.

"தொட்டியிலயும் வெக்கல, கேபின்லயும் வெக்கல. வண்டிக்கு அடியில மாட்டப்போறேன்."

அப்பா பாதி மடித்த புடவையை ஒதுக்கி வைத்தார். "சரி. மாட்டு. தொட்டியில வெள்ளப் பட்டு விரிச்சு நானே கூட வரேன். மேடு, பள்ளம், தண்ணி எல்லாத்துலயும் ஓட்டு. துணியில ஒரு பொட்டு கற பட்டுதுன்னா பேட்டரி எறங்கிடணும். மலப் பேச்சும் அதோட முடிஞ்சுது."

"படலன்னா?"

"படலன்னா வெச்சுக்க. போய்க்க."

கடையில் உட்கார்ந்து சொன்ன பேச்சை அப்பா மாற்றியதில்லை. அதுவும் நெசவாளர்கள் முன்னால். நான் வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைப் பிடித்தேன்.

போளூர் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறை. நான் வரைந்து கொடுத்த படத்தைப் பட்டறைக்காரர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வண்டி அடியில ரகசியப் பொட்டி? தங்கம் கடத்தறதா இருந்தா சொல்லிடு. செக்போஸ்ட்ல என் பேர இழுக்காத."

"பேட்டரிண்ணா. பின் ஆக்ஸில விட கீழ எறங்கக் கூடாது. கல்லுல இடிக்கும்."

இரும்புப் பெட்டி தயாரானது. வெளிப்பக்கம் போல்ட் போட்ட மூடி. சேஸிஸில் ஓட்டை போடாமல் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் எடுத்து பேட்டரியை நிரப்பும் சார்ஜரும் அதே பெட்டிக்குள் போனது. அதற்குப் பிறகு நான் ஆரம்பித்தேன். மூடியைச் சுற்றி ரப்பர், இணைப்பெல்லாம் சிலிக்கான், கேபிள் நுழையும் ஓட்டையில் இன்னும் கொஞ்சம் சிலிக்கான். மேகம் கறுத்தாலே புடவை மூட்டையின் மேல் இரண்டாவது பாலிதீன் போர்த்துகிற வீட்டில் வளர்ந்தவள். ஈரம் என்றால் மூடு, இன்னும் மூடு, அதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊசி நுழைய இடம் விடவில்லை.

"கடல்ல தூக்கிப் போட்டாலும் மெதக்கும்" என்றார் பட்டறைக்காரர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம் கிளம்பினோம். களம்பூர் தாண்டி உள்ளே போனால் ஓர் ஓடை. தொட்டியில் வெள்ளைப் பட்டு, என் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் அப்பா. வயல் வரப்புகளில் குதித்துக் குலுங்கி ஓடைக்கு வந்து சேர்ந்தோம். தண்ணீர் சக்கரத்தில் முக்கால் உயரம் இருந்தது. இறங்கினேன்.

அப்பா மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். "ஜல்தி போ! ஜல்தி போ!"

"ஜல்தியா போனா தண்ணி எகிறி தொட்டிக்குள்ள வந்துடும்ப்பா. கம்முனு ஒக்காருங்க."

ஏறிவிட்டோம். அக்கரையில் இன்ஜினை அணைத்து, விளக்கைப் போட்டேன், எரிந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. அப்பாவைப் பார்த்து மெல்லச் சிரித்தேன். சிரிப்பு முடியவில்லை, விளக்கு மினுக்கி அணைந்தது. ஃப்ரிட்ஜும் அடங்கியது.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியின் போல்டுகளைக் கழற்றினேன். மூடி கழன்றதும் தண்ணீர் மொத்தமாக என் மடியில் கொட்டியது. அப்பா ஓடைக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

"சொட்டுத் தண்ணி உள்ள போவாதுன்ன?"

நனைந்த பேண்ட்டோடு அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ஓடி ஓடிப் பெட்டி சூடாகியிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் முங்கியதும் உள்ளே இருந்த காற்று சுருங்கி, கேபிள் ஓட்டையில் எங்கோ விட்ட மயிரிழை வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக நான்தான் வழி வைக்கவில்லை. பட்டு மூட்டையைக் கட்டுகிற மாதிரி பேட்டரியைக் கட்டியிருக்கிறேன்!

அப்பா அதற்குள் தொட்டியில் ஏறித் துணியை எடுத்துவிட்டார். கடையில் புடவை பார்க்கிற அதே பார்வை. வெயிலுக்குக் காட்டினார், மடிப்பு மடிப்பாகப் பிரித்தார், திருப்பிப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"கற இல்ல" என்றார் கடைசியில். "ஆனா பேட்டரி செத்துப்போச்சே. அப்புறம் எதுக்கு? கழட்டிப் போடு."

"செத்துதா பொழச்சுதான்னு நான் பாத்துக்கறேன். நீங்க கறையப் பத்தி மட்டும்தான் சொன்னீங்க. கடையில ஒக்காந்து சொன்னீங்க."

"அதுக்கு?"

"கற இல்ல. பேட்டரி எறங்காது. வண்டியும் விக்கக் கூடாது."

துணியை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேபினில் ஏறினார். "எங்கிட்டயே பேரம் பேசற" என்றார். "எடு வண்டிய. மழ வருது." சாவி என் கையில்தான் இருந்தது.

காயவைத்துப் பார்த்ததில் சார்ஜர் போய்விட்டது. ஒரு பேட்டரி பிழைத்தது. இன்னொன்று தேறவில்லை, என் சம்பளத்தில் வேறு வாங்கினேன். சொந்தக்காரர் ஒருவர் வந்து, "பொம்பளப் புள்ளைக்கு இந்த கிரீஸ் வேலையெல்லாம் எதுக்கு?" என்றார். கேபிளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். கையை நீட்டி, "கொஞ்சம் அந்த ஸ்பேனர எடுத்துக் குடுங்க" என்றேன். பாவம், எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியை மறுபடி பட்டறைக்குக் கொண்டுபோய் அடித்தகட்டில் விரல் நுழைகிற ஓட்டைகள் போடச் சொன்னேன்.

"இத்தினி ரப்பர் ஒட்டி மூடினது ஓட்ட போடறதுக்கா?" என்றார் பட்டறைக்காரர்.

"ஆமாண்ணா. போடுங்க."

பேட்டரிகள் இப்போது பெட்டிக்குள், அடியில் தண்ணீர் தேங்கினாலும் எட்டாத உயரமான சட்டத்தில் நிற்கின்றன. புது சார்ஜர் இன்ஜின் பக்கம் மேலே ஏறிவிட்டது. இந்த ஞாயிறு அதே ஓடையில், போன தடவையைவிட ஆழமான இடத்தில் இறக்கப்போகிறேன். பெட்டி நன்றாக முங்கட்டும். தண்ணீர் வரட்டும், வந்த தண்ணீர் கரையேறுவதற்குள் ஒழுகிப் போகிறதா, விளக்கு நின்று எரிகிறதா, அதை மட்டும்தான் பார்க்க வேண்டும். எரிந்தால் அதற்கடுத்த வாரம் ஜவ்வாது மலை, இரண்டு ராத்திரி. அப்பாவிடம் போகட்டுமா என்று கேட்கப்போவதில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன்.