மோதல் காரில் ருஷ்தா

கம்பளையில் தையல்கடை வைத்திருக்கும் ருஷ்தாவுக்கு உடம்பு பெரிது. ராட்டினம் ஏறும் ஆசை அதைவிடப் பெரிது. கண்டிக்குப் பக்கத்திலுள்ள கேளிக்கைப் பூங்காவில் அவள் முதலில் ஏறிய சுழல் ரயிலில், பாதுகாப்புக் கம்பி வயிற்றில் முட்டி நின்றது. பூட்டவே முடியவில்லை.

"மூச்ச இழுத்துப் புடியேன்," என்றார் ஒல்லியான கணவர் மர்சூக்.

"மூச்சப் புடிச்சிக்கிட்டு எப்பிடிக் கத்துற? கத்தாம ஈக்கிறதுக்கு வீட்டிலேயே இருந்திருப்பேன்," என்று இறங்கிவிட்டாள்.

அடுத்தது மோதல் கார். அதன் பெல்ட் தாராளமாகப் போதுமாயிருந்தது. மர்சூக் இன்னொரு காரில் வேகமாக வந்து அவள் காரை முட்டினார். அது அசையவில்லை, அவர் கார்தான் பின்னால் போய்ச் சுவரில் மோதி நின்றது. பள்ளிப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக முட்டிப் பார்த்துத் தோற்றார்கள். ருஷ்தாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

"போவமா?" என்று இடுப்பைத் தடவியபடி கேட்டார் மர்சூக்.

"இன்னொருக்கா ஏறுங்க. இந்த முறை நான் வந்து முட்டுறேன்."