செக்கிங் அக்காவின் அபூர்வக் கிருமி

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். காலரில் தொடங்கிக் கீழ்மடிப்பு வரை சட்டையைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதுமே பிறவிக்கடன் தீர்ந்ததாகச் சட்டையை ரிப்பேர் கூடையில் வீசிவிடுவார்கள். "ஒண்ணு கிடைச்சா மீதியைப் பாக்க வேண்டாம்னு எவ சொன்னா?" என்று அக்கா ஒரு பிடி பிடிப்பாள்.

இப்பேர்ப்பட்ட கண்ணுக்காரி, ஆறு மாசமாகத் தன் வயிறு உப்பிக்கொண்டு வந்ததை மட்டும் வாயு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நேற்றுச் சாப்பிட்டது இன்று அப்படியே வாந்தியாக வந்தபோதும் வாயுதான். புருஷன் கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனான்.

வாய்வழியே கேமராக் குழாயை விட்டு, இரைப்பையில் துளி சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"ரொம்ப அபூர்வமான கிருமிம்மா. நாலு நாலா, கயிறு கட்டின பார்சல் மாதிரி இருக்கும். நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

மருத்துவ மாணவர்கள் வரிசையில் நின்று மைக்ராஸ்கோப்பில் அதைத் தரிசித்துவிட்டுப் போனார்கள். வயிற்றுக்குச் சொந்தக்காரியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்பாடு தேங்குற வயித்துலதான் பெரும்பாலும் இது குடியிருக்கும். ஏன் தேங்குதுன்னு தெரியணும். மாத்திரை முடிஞ்சதும் கட்டாயம் வாங்க, மறுபடி குழாய் விட்டு இன்னும் நாலு இடத்துல சதை எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அபூர்வம் என்பது மட்டும் அக்கா காதில் நன்றாக விழுந்தது. புருஷனுக்கோ பெருமை பிடிபடவில்லை. "சர்க்கரை இந்தத் தெருவுல எல்லார்கிட்டயும் இருக்கு. இது இவகிட்ட மட்டும்தான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னான்.

மாத்திரையில் வாந்தி குறைந்தது. மறுபடி வரச்சொன்ன சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது. மூன்று மாசத்தில் உடுப்பு இரண்டு முறை இடுப்பில் தளர்ந்தது. இரண்டு முறையும் பிடித்துத் தைத்துக்கொண்டாள், தையல் வெளியே தெரியாமல் வெகு நேர்த்தியாக.

ஒருநாள் வாங்கியவர்கள் ஒரு பெட்டிச் சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து மேஜைக்காரிகளைக் காய்ச்ச ஆரம்பித்தாள்.

"பட்டன் இல்லேன்னு ஸ்டிக்கர் ஒட்டினீங்க. பட்டனைத் தைச்சாங்க. அனுப்பியாச்சு. அக்குள் கிழிஞ்சு கிடக்கறதை யாரு பாக்கறது? ஒரு குறை கிடைச்ச சந்தோஷத்துல அப்படியே..."

அக்காவின் கை தானாக இடுப்புத் தையலுக்குப் போனது.

"என்னக்கா?" என்றாள் அயர்ன் போடுகிறவள்.

"எனக்குப் பயமா இருக்குடி. அரை நாள் லீவு சொல்லிடு."

மறுபடி குழாய் விட்டார்கள். இரைப்பையின் கீழ்வாசலை அடைத்தபடி, ஒரு மடிப்புக்குள் புண் இருந்தது. அதில் எடுத்த சதையில் புற்றுநோய்.

"அன்னைக்கு எடுத்த துண்டுல இல்லம்மா, பக்கத்துல ஒளிஞ்சிருந்திருக்கு. அப்பவே திரும்பி வந்திருந்தா இன்னும் சின்னதா இருந்திருக்கும். நல்லவேளை, பரவல. ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் டாக்டரம்மா. இந்த முறை எந்த மாணவனும் வரவில்லை. புருஷன் வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். தெருவில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

ஆபரேஷன் அன்று மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன்னால் அக்கா சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கிடைச்சதும் நிறுத்திடாதீங்க சார். மேலேர்ந்து கீழ வரைக்கும் முழுசா பாத்துடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வேலை பாக்குறீங்கம்மா?"

"சட்டைக் கம்பெனியில, செக்கிங். இருபத்திரண்டு வருஷம்" என்றாள். "இந்த ஒரு உருப்படியைத்தான் சார் பாதியில விட்டுட்டேன்."